ஆறு மாதமும் இரண்டு நாளும்

ஜெபகனி ஓரிடத்தில் உட்கார்ந்திருந்து யாரும் அதிகம் பார்த்ததில்லை. குடம் நிறையத் தண்ணீர் இருக்கும்போதே இன்னொரு குடத்தை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவாள். வேதக்கோயிலில் பிரசங்கம் அரை மணியைத் தாண்டினால் அவளுடைய கால் பெருவிரல் பாயைச் சுரண்ட ஆரம்பித்துவிடும். "வெப்ராளம் புடிச்ச பிள்ளை" என்று தாய் நேசம்மாள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

பதின்மூன்றாம் வயதில், 1930 ஆகஸ்டில், தாய்க்கு விடாத காய்ச்சல் வந்து மிஷன் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடக்க நேர்ந்தது. துணைக்கு ஜெபகனி இருந்தாள். அங்கே பெண்கள் பகுதிக்கு ஒரு டாக்டரம்மாள் வருவாள். வேகமாக வருவாள், வேகமாகப் போவாள், ஒரு நாளில் அந்தத் தாழ்வாரத்தை முப்பது தடவையாவது கடப்பாள். "எதுக்குட்டி இப்படி ஓடுத, ஒரு இடத்துல இரி" என்று அவளிடம் சொல்ல ஒருவரும் இல்லை. சொல்லாதது மட்டுமல்ல, எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். உலகத்தில் இப்படியும் ஒரு வேலை உண்டு என்று ஜெபகனிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அதன்பின் வேறு எதையும் அவள் விரும்பவில்லை.

அவளுடைய தகப்பன் ஞானதாசன், இரணியல் ரிஜிஸ்டர் கச்சேரிக்கு எதிரே புளியமரத்தடியில் பெட்டி வைத்து ஆதாரம் எழுதுகிறவர். நிலம் விற்பவரும் வாங்குபவரும் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்க, நடுவில் இருந்து பத்திரம் எழுதும் வேலை. முப்பத்திரண்டு வருடமாக எழுதுகிறார். ஆதாரத்தில் கொல்லம் ஆண்டு, தமிழ் மாதம், தேதி, கிழமை நான்கும் வர வேண்டும். ஆண்டும் தேதியும் சொன்னால் போதும், பஞ்சாங்கத்தைத் தொடாமலே கிழமையைச் சொல்லிவிடுவார். கொல்லம் ஆண்டை இங்கிலீஷ் ஆண்டாக மாற்றவும் ஊரில் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள்.

ஆகவே, 1932 டிசம்பரில் நாகர்கோவில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஜெபகனியின் சர்ட்டிபிக்கேட்டுக்கு இங்கிலீஷ் பிறந்த தேதி கேட்டபோது, அவர் வேறு யாரையும் கேட்கவில்லை. அன்று மரத்தடியில் இரண்டு கட்சிக்காரர்கள் காத்திருந்தார்கள். மகள் பிறந்தது 1092 மார்கழி 20. ஆண்டோடு 824-ஐக் கூட்டினார். 1916 வந்தது. மார்கழி இருபது என்றால் ஜனவரி மூன்று. "1916 ஜனவரி 3" என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தனுப்பினார். அதுவே சர்ட்டிபிக்கேட்டில் ஏறியது. வீட்டில் வயதைக் கொல்லத்தில்தான் சொல்வார்கள் என்பதால் ஜெபகனியும் அதை ஒரு பொருட்டாகப் பார்க்கவில்லை.

மார்ச்சில் பரீட்சை முடிந்தது. சென்னையில் பெண்களுக்கென்று நடந்த ஒரு மருத்துவப் பள்ளிக்கு மனுப் போட வேண்டும். இடம் இருபத்தைந்து. மாகாணம் முழுவதிலிருந்தும் அதற்கு வெளியே திருவிதாங்கூரிலிருந்தும் மனுக்கள் போகும். முந்தின வருடம் நூற்று நாற்பதுக்கு மேல் போயிருந்தன. மனுவின் ஐந்தாம் பத்தியில் ஒரு விதி இருந்தது: ஜூலை முதல் தேதியன்று பதினேழு வயது நிறைந்திருக்க வேண்டும். பதினொன்றாம் பத்தியில் இன்னொன்று: கிறிஸ்தவப் பெண்கள் ஞானஸ்நானச் சீட்டையும் இணைக்க வேண்டும்.

1933 ஏப்ரல் 3, திங்கட்கிழமை காலை, அந்தச் சீட்டுக்காக ஜெபகனி கோயிலுக்குப் போனாள். உபதேசியார் செல்வதாஸ் பெரிய புத்தகத்தைத் தூசி தட்டி விரித்தார். விரல் ஒரு வரியில் நின்றது.

"ஏட்டி, நீ எப்பம் பொறந்த?"

"தொண்ணூத்திரண்டு மார்கழி இருவது."

"அது கொல்லம். இங்கிலீஷு?"

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறு ஜனவரி மூணு."

"இஞ்ச பதினேழுல்லா கெடக்கு."

"நல்லாப் பாருங்க உபதேசியாரே."

"எனக்குக் கண்ணு மங்கலுதான். ஆனா பதினேழு பதினாறா தெரியுத அளவுக்கு மங்கல. இது ஞானஸ்நானம் குடுத்த துரை கைப்பட எழுதினது. இந்தா, நீயே பாரு."

பார்த்தாள். பதினேழுதான். சீட்டை வாங்கி வெளியே வந்து, கோயில் படிக்குப் பக்கத்து மணலில் குச்சியால் கணக்குப் போட்டாள். ஆவணி முதல் மார்கழிப் பாதிவரைக்கும் கொல்லத்தோடு 824-ஐக் கூட்ட வேண்டும். மார்கழி நடுவில் இங்கிலீஷ் ஜனவரி பிறந்துவிடுகிறது. அதற்குப் பிந்தின நாட்களுக்கு 825. மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் 1917. வரும் ஜூலை முதல் தேதியில் அவளுக்கு வயது பதினாறுதான். பதினேழு நிறைய ஆறு மாதமும் இரண்டு நாளும் குறைவு.

ஒரு வருடம் பொறுத்தால் என்ன என்று கேட்கலாம். பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் குமாரதாஸ் என்பவனுக்கு அவளைக் கேட்டு மாசியிலேயே ஆள் வந்துவிட்டது. நேசம்மாளுக்கு அந்த இடம் பிடித்திருந்தது. "இந்த வருஷம் எடம் கெடச்சாப் படி. இல்லேன்னா ஆவணில கல்யாணம்" என்று அவள் சொல்லியிருந்தாள். அதில் விட்டுக்கொடுப்புக்கு இடமில்லை.

ஜெபகனி வீட்டுக்கு ஓடினாள். ஞானதாசன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா, நீங்க எழுதிக் குடுத்த தேதி தெத்து."

"எந்தத் தேதி?"

"எனக்க பொறந்த தேதி. கோயில் புஸ்தகத்துல பதினேழுன்னு இருக்கு."

"ஆயிரத்துத் தொண்ணூத்திரண்டும் எண்ணூத்தி இருவத்துநாலும் எத்தனை?"

"ஆயிரத்துத் தொளாயிரத்துப் பதினாறு. ஆனா மார்கழி இருவதுக்கு முந்தியே ஜனவரி பொறந்துட்டே. அதுக்கு இருவத்தஞ்சுல்லா கூட்டணும்?"

அவருடைய கை சோற்றில் நின்றது. ஒரு கணம்தான். பிறகு குழம்பை ஊற்றிப் பிசைந்தார்.

"எனக்குக் கணக்குப் படிப்பிக்க வாறியா? முப்பத்திரண்டு வருஷத்துல ஒரு தேதி தெத்தினது உண்டா? துரை வெயில்ல வந்து எழுதியிருப்பான். அவனுக்குத்தான் தெத்தும்."

அடுக்களையிலிருந்து நேசம்மாள் குரல் கொடுத்தாள்: "இவ பொறந்தது புதனாழ்ச்ச. பொம்பளைய ஜெபக்கூட்டத்துல நான் முட்டுக்குத்தி இருக்கச்ச வலி வந்துட்டு. அத மட்டும் மறந்திராதிய."

"புதன்தான். அத இப்பம் யாரு இல்லேன்னா?" என்று எரிந்து விழுந்துவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார்.

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று ஜெபகனி அந்த ஒரு கணத்திலேயே கண்டுகொண்டாள். மேலும் கேட்டால் ஒப்புக்கொள்ளவும் கூடும். ஆனால் அவள் மேலும் கேட்கவில்லை. அவர் பிடிவாதமாக இருக்கும்வரை அவளுக்கு வயது பதினேழு. யாராவது கேட்டால் தகப்பன் சொல்லட்டும், கோயில் புத்தகம்தான் பிழை என்று. தான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் தேதி மனுவோடு சர்ட்டிபிக்கேட்டையும் ஞானஸ்நானச் சீட்டையும் ஒரே உறையில் வைத்தாள். திருவிதாங்கூர் சர்க்கார் அஞ்சல் ராஜ்யத்துக்கு உள்ளேதான் ஓடும் என்பதால், இரண்டரை மைல் நடந்து தக்கலைக்குப் போய் இங்கிலீஷ் தபாலில் போட்டாள். போட்ட பின்பும் பெட்டியின் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். உறை உள்ளே விழுந்துவிட்டது.

அதற்குப் பின்னான நாட்களில் அவள் நேரத்துக்குச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. நேர்காணலுக்கு அழைப்பு வர வேண்டும் என்று விரும்பினாள். வந்தால் தாள்களை ஒத்துப் பார்ப்பார்களே என்று பயந்தாள். வாரத்தில் மூன்று நாள் தக்கலைக்கு நடந்தாள். தபாலாபீஸில் இருந்தவர் அவளைத் தூரத்தில் கண்டதுமே கையை விரித்துக் காட்டப் பழகிவிட்டார். மே 9-ஆம் தேதி அவர் கையை விரிக்கவில்லை. உறையைத் தூக்கிக் காட்டினார்.

நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து ரயில். தகப்பனும் மகளும் போனார்கள். தேதியைப் பற்றி வழியில் இருவரும் ஒரு சொல் பேசவில்லை.

மே 19, வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு நேர்காணல். மொத்த மனு நூற்று அறுபத்து மூன்று. அழைக்கப்பட்டவர்கள் அறுபது பேர். தலைமை டாக்டரான வெள்ளைக்கார அம்மாளும் வேறு இருவரும் பதினான்கு நிமிடம் கேள்வி கேட்டார்கள். வயதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்தபோது ஜெபகனிக்கு முதுகெல்லாம் வியர்த்திருந்தது. தப்பித்தோம் என்று நினைத்தாள்.

பிற்பகல் இரண்டு மணிக்கு ஆபீஸ் குமாஸ்தா தகப்பனையும் மகளையும் கூப்பிட்டார். மேசைமேல் இரண்டு தாள்களும் அருகருகே கிடந்தன.

"பேர் பட்டியல்ல இருக்கு. இருபத்தோராவது. நாலு மணிக்கு ஒட்டணும்," என்றார் குமாஸ்தா. "ஆனா இதுல பதினாறு, அதுல பதினேழு. ஏன் சார், உங்க ஊர்ல ஒரு பொண்ணு எத்தனை தடவை பொறக்கும்?"

ஞானதாசன் இரண்டு தாள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வயசு பத்தலைன்னு சர்ட்டிபிக்கேட்டைத் திருத்தினீங்களா?"

"திருத்துறவன் நானில்லை," என்றார் ஞானதாசன்.

"அப்போ எது சரி? பெரிய டாக்டரம்மா சொல்லிட்டாங்க, தகப்பனார் சத்தியப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டா அதை ஏத்துக்கலாம்னு. தமிழ்லேயே எழுதுங்க. பதினாறுல பொறந்திருந்தா பொண்ணு உள்ள. பதினேழுன்னா வெளிய. சீக்கிரம்."

தாளும் பேனாவும் வந்தன. ஜெபகனி ஜன்னலோரம் நின்றாள். நிற்க முடியாமல் கதவுக்குப் போனாள், திரும்பி வந்தாள். எழுதுங்க அப்பா, என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒன்றரை மாதமாகச் சாதித்த வார்த்தைதானே, அதையே எழுதினால் போதும். அப்படி ஆசைப்படுவது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆசைப்பட்டாள்.

ஞானதாசன் ஆதாரம் எழுதும் அதே கையால், அதே நடையில் எழுதினார். இன்ன ஊர், இன்னார் மகன், இன்ன வயது. அடுத்து, "மேற்படி என் மகள் ஜெபகனி பிறந்தது 1916 ஜனவரி 3" என்று எழுதினார். ஜெபகனி தோளுக்கு மேலாக அதைப் பார்த்தாள். மூச்சு வந்தது.

தேதிக்குப் பின் கிழமை வர வேண்டும். முப்பத்திரண்டு வருடத்தில் கிழமை இல்லாமல் ஒரு தேதியை அவர் எழுதியதில்லை. பேனா அங்கே நின்றது. 1916 ஜனவரி மூன்று திங்கட்கிழமை. மகள் பிறந்தது புதன். புதன் என்று எழுதினால் தேதி பொய். திங்கள் என்று எழுதினால் கிழமை பொய். மை ஒரு பொட்டாகத் தாளில் இறங்கியது.

"என்ன சார்?" என்றார் குமாஸ்தா.

ஞானதாசன் 1916-ஐ ஒரே கோடாக அடித்தார். மேலே 1917 என்று எழுதி, ஓரத்தில் சிறு கையெழுத்தும் போட்டார். "புதன்கிழமை" என்று சேர்த்தார். அதற்குக் கீழே இன்னும் இரண்டு வரி: "சர்ட்டிபிக்கேட்டில் கண்ட தேதி நான் கணக்கிட்டுக் கொடுத்தது. அந்தப் பிழை என்னுடையது. என் மகளுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அதில் பங்கில்லை."

குமாஸ்தா தாளை உள்ளே கொண்டுபோனார். ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தார். முன்பிருந்த ஏளனம் முகத்தில் இல்லை. "அடுத்த வருஷம் மறுபடி மனுப் போடலாம்னு அம்மா சொல்றாங்க. உங்க மேல குத்தம் எதுவும் எழுதல. ஆனா இடம் தருவோம்னு வாக்குக் குடுக்க மாட்டாங்க."

நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். இருபத்தோராவது இடத்தில் வேறு ஒரு பெயர் இருந்தது.

ரயில் விழுப்புரத்தைத் தாண்டியது. ஜெபகனி சொன்னாள்: "ஒரு கிழமைதானே. ஒரு சொல்லு."

"திங்கள்னு எழுதக் கை போகல்ல மக்கா."

"இதத்தான் ஏப்ரல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாமே."

தெரிந்தேதானே தானும் வந்தோம் என்ற எண்ணம் அவளைச் சுட்டது. ஊர் வந்து சேர்ந்த பின் "சோறு வச்சிருக்கு", "வெந்நி கொதிச்சாச்சு" என்பதற்கு மேல் அவள் தகப்பனோடு பேசவில்லை.

நேசம்மாள் தன் சொல்லில் நின்றாள். ஆனி மாதமே கல்யாணப் பேச்சை எடுத்தாள். ஜெபகனி மறுத்தாள். அழவில்லை, சண்டையும் போடவில்லை. தாய் பேசத் தொடங்கினால் எழுந்து நடக்க ஆரம்பிப்பாள். முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வருவாள். நேசம்மாள் பின்னாலேயே பேசிக்கொண்டு சுற்றுவாள். பதினோரு நாள் இப்படி நடந்தது. பன்னிரண்டாம் நாள் நேசம்மாளுக்கு முட்டு வலித்தது.

"சவத்த விடு. ஒரு வருஷம். அதுக்கு மேல ஒரு நாளு கிடையாது, கேட்டியா?"

குமாரதாஸ் வீட்டார் காத்திருக்கவில்லை. அவனுக்கு ஆவணியில் மார்த்தாண்டத்துப் பெண் ஒருத்தியோடு கல்யாணம் ஆனது. ஞானதாசன் சர்ட்டிபிக்கேட்டைத் திருத்தும் மனுவோடு திருவனந்தபுரத்துக்கு நான்கு தடவை போய்வந்தார். நாலாம் தடவை வேலை முடிந்தது. அதற்குள் சங்கதி ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. "ஓய், எனக்க ஆதாரத்துல கிழமைய ஒருக்கா நல்லாப் பாரும். சொந்த மவளுக்கு ரெண்டு பொறந்தநாள் எழுதின கையில்லா" என்று மரத்தடியில் சிரித்தார்கள். அவர் தலை நிமிராமல், இரண்டாம் தடவையும் சரிபார்த்துக் கொடுத்தார். முன்பெல்லாம் அப்படிச் செய்தவர் இல்லை.

ஜெபகனி மிஷன் ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குத் தற்காலிக ஆசிரியையாக இருந்தாள். சாயங்காலங்களில் நடந்துகொண்டே படித்தாள். முந்தின வருடத்து இருபத்தோராம் இடம் இந்த வருடத்துக்குச் செல்லாது. எல்லாம் முதலிலிருந்து. 1934-இல் மனு நூற்று எண்பத்தெட்டு என்று பின்னால் தெரிந்தது. இடம் அதே இருபத்தைந்து.

இந்தத் தடவை துணைக்கு நேசம்மாள் போனாள். "நான் வந்தா வெளங்காது" என்று ஞானதாசன் சொல்லிவிட்டார். மே 18-ஆம் தேதி நேர்காணலில் அதே வெள்ளைக்கார அம்மாள் தாள்களைப் புரட்டி, நிமிர்ந்து பார்த்து, "இந்த ஒரு வருடம் எப்படி இருந்தாய்?" என்று கேட்டாள்.

நல்ல பதில்களை ஜெபகனி தயாராக வைத்திருந்தாள். அவற்றில் ஒன்றுகூட வரவில்லை. "கோபமாக இருந்தேன்," என்றாள்.

"யார்மேல்?"

"என் தகப்பனார்மேல். அவர் பொய் எழுதவில்லை என்பதற்காக. எழுதுவார் என்று நம்பிக் கூட வந்தவள் நான். அதனால் என்மேலும்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ எழுதினார்கள். நல்லதா கெட்டதா என்று அந்த முகங்களிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் காலை பதினொன்றரைக்குப் பட்டியல் ஒட்டினார்கள். ஜெபகனி கீழேயிருந்து மேலே படித்தாள். இருந்தால் அடியில்தான் இருக்கும் என்று அவள் நினைப்பு. இருபத்தைந்து இல்லை. இருபத்துநாலு இல்லை. இருபத்தொன்று இல்லை. பதினைந்தைத் தாண்டியதும் காது அடைத்துக்கொண்டது. இனி எதற்குப் பார்ப்பது என்று நகரப் போனாள்.

"ஏட்டி, என்ன? வாயத் தொற. எனக்கு இங்கிலீஷு தெரியுமா?" என்று நேசம்மாள் முழங்கையில் கிள்ளினாள்.

அந்தக் கிள்ளலில் மிச்சத்தையும் படித்தாள். ஒன்பதாவது.

"இருக்கும்மா."

"சத்தியமாட்டு?"

"சத்தியமாட்டு."

நேசம்மாள் பட்டியலை ஒரு முறை முறைத்துப் பார்த்தாள். "இது எதுக்கு இவ்வளவு சின்னதா எழுதி ஒட்டியிருக்கானுவ," என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.

ஜெபகனி அங்கே படித்து 1938 ஏப்ரலில் தேறினாள். 1939 முதல் குளச்சலில் ஒரு சிறு ஆஸ்பத்திரியில் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தாள். இனயம் வரைக்கும் கடற்கரைக் குடிசைகளுக்கு மணலில் விரைந்து நடக்கும் டாக்டரம்மாளை அந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை.

ஆனால் 1934-இன் அந்த மே மாதம் 21-ஆம் தேதி, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டே முக்காலுக்கு இரணியலில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, அவள் வீட்டுக்குப் போகவில்லை. மூட்டையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நேரே கச்சேரிப் புளியமரத்தடிக்கு நடந்தாள். ஞானதாசன் தாணுலிங்கம் என்ற வயல்காரருக்கு ஆதாரம் எழுதிக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் பேனா நின்றது.

"அப்பா, கெடச்சிட்டு. ஒம்பதாவது."

அவர் எழப் போனார்.

"ஓய், பாதி ஆதாரத்துல எழுந்திரிக்கப்பிடாது," என்று தாணுலிங்கம் அவர் கையைப் பிடித்தார். "எல்லைய எழுதி முடியும். பிள்ளை எங்கயும் ஓடிரமாட்டா."

ஆதாரத்தைப் பாதியில் விடுவது அந்தத் தொழிலில் இல்லை. ஞானதாசன் உட்கார்ந்தார். கிழக்கு எல்லை, மேற்கு எல்லை, வடக்கு எல்லை என்று எழுதினார். ஜெபகனி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தெற்கு எல்லைக்கு வந்தபோது அவர் நிமிர்ந்து, "ஒம்பதாவதா?" என்றார்.

"ஒம்பதாவது."

"எனக்க தெக்கு எல்லைய எழுதும் ஓய்," என்றார் தாணுலிங்கம்.

எல்லாம் எழுதி, படித்துக்காட்டி, கையெழுத்து வாங்க இருபத்து மூன்று நிமிடம் ஆயிற்று. பெட்டியைப் பூட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஞானதாசன் எழுந்தார். அன்றைக்கு மேலும் இரண்டு கட்சிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டார். இருவரும் வெயிலில் இறங்கினார்கள். பட்டியல் எத்தனை மணிக்கு ஒட்டினார்கள், அம்மை என்ன சொன்னாள், வெள்ளைக்கார அம்மாள் என்ன கேட்டாள் என்று ஒரு வருடத்துப் பேச்சையும் சேர்த்து ஜெபகனி பேசிக்கொண்டே போனாள். பேசப் பேச அவள் கால் வேகம் கூடியது.

"பைய நட மக்கா," என்றார் ஞானதாசன், மூச்சு வாங்க. "நானும் கேக்கண்டாமா?"